மூளையைக் காக்கும் கல்லீரல்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் பதிமுகப் பட்டையோ சீரகமோ இட்டுக் கொதிக்கவைத்த நீரைப் பருகும் வழக்கம் உண்டு. மாசடைந்த நீரால் மஞ்சள் காமாலை பரவக்கூடும். அந்நோய் தாக்கும் உறுப்பு கல்லீரல். பெரும்பாலோர் நலமடைவர், சிலருக்கோ கல்லீரல் செயலிழந்து, மூளையும் துன்புறும். அஃது எவ்வாறு?

நாம் உண்ணும் மீன், பயறு ஆகியவற்றிலுள்ள புரதம் உடலில் சிதையும்போது அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதனை யூரியாவாக மாற்றுகிறது. யூரியா சிறுநீர் வழியே வெளியேறுகிறது. இம்மாற்றம் நிகழும் முறையை 1932ஆம் ஆண்டில் ஹான்ஸ் கிரெப்ஸ், குர்ட் ஹென்சலைட் ஆகிய இருவரும் விளக்கினர்.

கல்லீரல் பழுதுற்றால் அம்மோனியா இரத்தத்தில் பெருகி மூளையை அடைகிறது. அங்குள்ள விண்மீன் வடிவ உயிரணுக்கள் அதனைக் குளுட்டமேட்டுடன் சேர்த்துக் குளுட்டமைனாக மாற்றி, நரம்பணுக்களைக் காக்கின்றன. ஆனால், குளுட்டமைன் மிகுந்தால், நீரில் ஊறும் உலர்திராட்சையைப் போல அவ்வுயிரணுக்கள் நீரை ஈர்த்து வீங்குகின்றன. அவற்றின் ஆற்றல் உற்பத்தியும் தடைப்படுகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது. ஆதலால், வீக்கம் மிகுந்தால் மூளை நெருக்குண்டு, உயிருக்கே இடர் நேரும்.

காமாலை கண்டவர் பகலில் மிகுதியாக உறங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை நடுங்கினாலோ, அதனைக் களைப்பு என்று எண்ணிக் காத்திருத்தல் ஆகாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

நோய்க்கிருமியை அழிப்பது பதிமுகத்தின் சிவப்பு நிறம் அன்று, கொதித்தலே. கொதித்த நீரை ஆற்றுவதற்காகப் பச்சைத் தண்ணீரைக் கலந்தால் அப்பயன் கெடும்.