உள்நிரப்பும் பழமனை மறுபயனும்: நாகர்கோவிலை முன்வைத்து

ஒரு நகர் பெருகும் நெறி இரண்டு. தன் எல்லையைக் கடந்து வயலையும் தோப்பையும் நோக்கி விரிவது ஒன்று. தன் எல்லைக்குள்ளேயே வெறுமையாய்க் கிடக்கும் மனைகளையும் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களையும் மீண்டும் வாழ்வுக்குக் கொணர்ந்து செறிவது மற்றொன்று. முன்னதைப் புறவிரிவு என்றும் பின்னதை உள்நிரப்பு என்றும் குறிப்போம். உள்நிரப்பும் இருவகைப்படும். வெற்றுமனையில் புதிதாய் எழுப்புவது மனைநிரப்பு. நிற்கும் கட்டடத்தை இடிக்காமல் அதன் பயனை மட்டும் மாற்றிக்கொள்வது மறுபயன். ஒவ்வொன்றும் உண்ணும் நிலமும் நீரும் ஆற்றலும் வேறுவேறாதலின், இவ்வகைகளைப் பிரித்தறியாதவர் ஒரு நகரின் வரவு செலவைக் கணக்கிட இயலாது.

நாகர்கோவில் அமைந்த நாஞ்சில் நாட்டில் இக்கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. தோவாளை, அகத்தீசுவரம் என்னும் இரு வட்டங்களைத் தழுவிய இந்நிலம் பழையாற்று நீரால் விளைந்தது. 1906-இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணையும் அதன் கால்வாய்களும் அவ்விளைச்சலுக்கு உறுதி தந்தன. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்நிலம் அடங்கிய குமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டரில் 1,111 பேர் வாழ்ந்தனர். சென்னைக்கு அடுத்து மக்கள் நெருக்கம் மிக்க மாவட்டம் அன்று இதுவே. மக்களில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தார். மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய இந்நிலத்தில் நகர் புறத்தே விரியுமாயின், அது முதலில் விழுங்குவது ஏலாக்கள் எனப்படும் வயற்பரப்புகளையே. தலைமுறை தலைமுறையாய்த் தொளி கலக்கி உழுததனால் வயலின் அடியில் நீரை இறங்கவிடாமல் தாங்கும் இறுகிய மண்படலம் ஒன்று உருவாகியிருக்கும். அதன்மேல் செம்மண் கொட்டிக் கல் நட்டு மனையாக்கிய பின், அவ்வயலை மீட்பது எளிதன்று. ஆகவே ஊருக்குள் நிரம்பும் ஒவ்வொரு மனையும் ஊருக்கு வெளியே ஒரு வயல்துண்டைக் காக்கவல்லது.

நாகர்கோவில் ஒற்றை நடுவத்தைச் சுற்றி வளர்ந்த நகர் அன்று. கோட்டாறு, வடசேரி, வடிவீசுவரம், ஒழுகினசேரி எனத் தனித்து நின்ற ஊர்கள் நெருங்கி ஒன்றானதே அது. இவற்றுள் கோட்டாறு, கிரேக்க நிலநூலார் தாலமி குறித்த வணிகப் பேரூர் என்று வரலாற்றாளர் கொள்வர். 1893-இல் எழுந்த மணிக்கூண்டாகிய மணிமேடையும், 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணைந்தமையும், 2019-இல் மாநகராட்சி ஆனமையும் பின்வந்த படிகள். பழந்தெருக்களில் திண்ணையும் முற்றமும் பின்கட்டும் கிணறும் கொண்ட ஓட்டுவீடுகள் இன்றும் உள்ளன. அவற்றுள் பல பெரியனவாய் எழுந்ததற்கும் பின்னர்த் துண்டுபட்டதற்கும் குடும்ப முறையே அடிப்படை. கவிஞர் கவிமணி தம் ‘மருமக்கள்வழி மான்மியத்தில்’ பாடுபொருளாக்கிய, சொத்து உடன்பிறந்தாளின் மக்களைச் சேரும் மருமக்கள் வழி முறையில், பெருங்குடும்பம் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தது. 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கென இயற்றிய சட்டம் பாகப்பிரிவினைக்கு வழிவகுத்தது. நாலுபுறமும் கட்டிய வீட்டின் நடுவே சுவர் எழுந்தது. பங்காளர் சிலர் வெளியூருக்கும் பின்னாளில் வளைகுடா நாடுகளுக்கும் சென்றனர். ஒருவர் ஒப்பம் இன்றி மற்றவர் விற்கவோ செப்பனிடவோ இயலாமல் வீடு பூட்டப்பட்டது. பழமனை பாழாவதற்கு மழையைவிடக் கூட்டுரிமைச் சிக்கலே பெரிய ஏது என்பது என் துணிபு.

இனி ஆற்றல். ஒரு கட்டடம் எழும் முன்பே அதற்காகச் செலவழிந்துவிட்ட ஆற்றல் அனைத்தும், செங்கல்லைச் சுட்ட விறகும் சுண்ணாம்பை நீற்றிய வெப்பமும் மலையிலிருந்து மரம் இறக்கிய உழைப்பும், உள்ளுறை ஆற்றல் எனப்படும். விளக்குக்கும் விசிறிக்கும் நாள்தோறும் செலவாவது இயங்காற்றல். பழவீட்டை இடிப்பவர் உள்ளுறை ஆற்றல் முழுவதையும் இடிபாடாய் எறிந்துவிட்டு, அதே அளவோ மிகுதியோ புதிதாய்ச் செலவிடத் தொடங்குகிறார். அப்புதுச்செலவின் பெரும்பங்கு பைஞ்சுதை எனப்படும் சிமெண்டினது. சுண்ணாம்புக் கல்லைக் களிமண்ணோடு சேர்த்து ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டால்தான் பைஞ்சுதைக்குரிய கட்டி கிடைக்கும். சூளைக்கு இட்ட எரிபொருளிலிருந்து கரியமிலவளி எழுவதோடு, கல்லும் தன்னுள் பொதிந்திருந்த கரியமிலவளியை வெளிவிடுகிறது. மாந்தர் செயலால் உலகில் வெளிப்படும் கரியமிலவளியில் ஏழெட்டு விழுக்காடு இத்தொழில் ஒன்றிலிருந்தே வருகிறது. புதுக்கட்டடம் இயங்காற்றலில் எவ்வளவு சிக்கனமாயினும், எழும்போது பட்ட இக்கடனை அடைக்கப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

மறுபயனின் அடிப்படை அறிவு சுண்ணாம்பில் உள்ளது. அதனைச் சற்று விரித்துரைப்பது கடன். சுண்ணாம்புக் கல்லையோ கடற்கரைக் கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 பாகையில் சுட்டால் கரியமிலவளி நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். நீர் தெளித்தால் அது கொதித்துப் பூத்து நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலோடு அரைத்துச் சுவரில் பூசியபின், காற்றிலுள்ள கரியமிலவளியைச் சிறுகச் சிறுக உள்வாங்கி மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகும். கல்லாய்ப் புறப்பட்டுக் கல்லாய் மீளும் இவ்வட்டத்தில், பூச்சினுள் நுண்துளைகள் அடைபடாமல் நிற்கின்றன. மண்ணிலிருந்து சுவரேறும் ஈரமும் மழை நனைத்த ஈரமும் அத்துளைகளின் வழியே ஆவியாய் வெளியேறுகின்றன. தென்மேற்கு, வடகிழக்கு என இரு மழைக்காலமும் பெறும் குமரி மாவட்டத்தில், துளைநிறைந்த வெட்டுகல்லாலும் செங்கல்லாலும் கட்டிய சுவர்க்கு இத்தகைய பூச்சே பொருந்தும். அதன்மேல் பைஞ்சுதை பூசிவிட்டால் வெளிவழி பெரிதும் அடைபடும். ஈரம் உள்ளே தங்கும். உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். சுவரில் புதைந்த விட்டத்தின் முனை நனையும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழிருக்கும்வரை அதை மட்கச் செய்யும் பூஞ்சை வளராது. அதைக் கடந்தால் பலாவும் அயனியும்கூட நாளடைவில் மட்கும். பழவீட்டைச் சீர்செய்வதாய் எண்ணிப் பைஞ்சுதை பூசுவோர், அதன் அழிவை விரைவுபடுத்துகின்றனர். வேண்டுவது சுண்ணாம்பு அறிந்த கொத்தனாரும், முளையடித்து இணைத்த கைமரத்தைக் கழற்றி மாற்றத் தெரிந்த தச்சருமே.

அடுத்தது சுமை. பயன் மாறும்போது தளம் தாங்கவேண்டிய எடையும் மாறும். இந்தியத் தரநெறியின்படி வீட்டறையின் தளம் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 200 கிலோ எடையைத் தாங்கினால் போதும். இருக்கை பொருத்தாத கூட்ட அரங்குக்கு 500 கிலோ வேண்டும். நூலகத்தின் நூலடுக்கு அறைக்கு 600 கிலோவும் அதற்கு மேலும் வேண்டும். எனவே மச்சுவீட்டை நூலகமாக்க விரும்புவோர் நூலடுக்குகளைத் தரையிலும் படிப்பறையை மேல்தளத்திலும் வைத்தால், ஒரு விட்டத்தைக்கூட மாற்றாமல் பணி முடியலாம். கட்டடத்தின் இயல்புக்கேற்பப் பயனைத் தேர்தலே இத்துறையின் முதல் நெறி.

எடுத்துக்காட்டுகள் தொலைவில் இல்லை. தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனை, திருவிதாங்கூரின் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பின்னும் அழியாமல், கேரள அரசின் தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாய் நிற்கிறது. குளச்சல் போரில் தோற்றுத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரிடம் பணியேற்ற டச்சுப் படைத்தலைவர் டி லனாய் படை பயிற்றிய உதயகிரிக் கோட்டை, இன்று வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மதுரையில் தமுக்கம் அரண்மனை 1959-இல் காந்தி நினைவு அருங்காட்சியகமாயிற்று. சென்னைச் சேப்பாக்கத்தில் 2012-இல் தீக்கிரையான கலச மகால் மீட்கப்பட்டுப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இடமளித்தது. இலண்டனில் 1981-இல் மூடிய மின்நிலையம் ஒன்று 2000-இல் கலைக்கூடமாய்த் திறந்தது. ஆயினும் அரண்மனைகளைக் காத்துவிட்டு ஓட்டுவீடுகளைக் கைவிடுவது அரைப்பணியே. வடசேரியில் கோயில் நகை செய்யும் பொற்கொல்லர்க்கும் கோட்டாற்றுச் சிறுவணிகர்க்கும் வேண்டுவது குறைந்த குடிக்கூலியில் ஓர் அறை. கட்டிய செலவு என்றோ தீர்ந்துவிட்ட பழங்கட்டடமே அதைத் தரவல்லது என்பதை அமெரிக்க எழுத்தாளர் சேன் சேக்கப்சு 1961-இலேயே நிறுவினார். பழமனையை அழகுறப் புதுக்கி, அதில் வாழ்ந்த எளியோரைக் கூலி உயர்வால் வெளியேற்றுவது மறுபயன் ஆகாது.

ஓர் எல்லையையும் வரையறுத்தல் வேண்டும். காலியாய்த் தோன்றுவதெல்லாம் வெற்றிடம் அன்று. கோடையில் வறண்ட குளமும், புதர் மூடிய காலும், வீட்டுப் பின்கட்டின் கிணற்றடியும் நீர் தங்கும் இடங்கள். அவற்றைத் தூர்த்துக் கட்டுவது உள்நிரப்பு என்னும் பெயருக்கு உரியதன்று. குளத்தை மூடிய நகரில் மழைநீர் தெருவைத் தேடும். 2022-இல் உலக ஈரநிலப் பட்டியலில் ஏறிய சுசீந்திரம் தேரூர்க் குளங்களைப் போற்றுகின்ற நாம், ஊருக்குள் எஞ்சிய சிறுகுளங்களையும் அதே கண்கொண்டு காணவேண்டும். அவ்வாறே முக்கடல் அணையிலிருந்து வரும் குடிநீருக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் கொள்ளளவு உண்டு. அதை அளந்தறியாமல் ஒரு தெருவில் குடும்பங்களைப் பெருக்குவதும் பிழை.

செய்யவேண்டிய முதற்பணி எளியது. நாகர்கோவில் மாநகராட்சி தெருத்தெருவாய் ஒரு மனைப்பதிவேடு தொகுக்கட்டும்: வெற்றுமனை எது, பூட்டிய பழமனை எது, தொடக்கூடாத நீரிடம் எது என அதில் குறிக்கட்டும். மாவட்டத்தின் பொறியியல் கல்லூரி மாணவர் சுவரையும் விட்டத்தையும் அளக்க, கொத்தனாரும் தச்சரும் அவர்க்கு ஆசிரியராய் உடன் செல்லட்டும். பங்காளர் பலர் உரிமை கொண்ட வீட்டை, உரிமை மாறாமல் நெடுங்காலக் குத்தகைக்கு விடும் ஒப்பந்தப் படிவம் ஒன்றை அரசு வகுத்துத் தரட்டும். இம்மூன்றும் முடியும்வரை, வயலை மனையாக்கக் கேட்டு வரும் எந்த விண்ணப்பத்துக்கும் இசைவு தரலாகாது.