சுவரின் கனமும் கதவு நிலையும்

அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளின் உட்சுவர் செங்கல்லால் ஆனதல்ல. மரச்சட்டங்களை நிறுத்தி, இருபுறமும் ஜிப்சம் பலகை அறைந்து எழுப்பும் சுவர் அது. கதவு நிலையின் அகலமும் சுவரின் மொத்தக் கனமும் ஒத்துப்போனால்தான், இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கை மறைக்கும் ஓரப்பட்டி படிந்து உட்காரும். பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது முதலில் குலைவது இந்தப் பொருத்தம்தான்.

இன்று ‘இரண்டுக்கு நான்கு’ அங்குலம் என்று விற்கும் சட்டத்தின் உண்மை அளவு 38க்கு 89 மி.மீ. இருபுறமும் 12.7 மி.மீ. பலகை சேர்ந்தால் சுவர் 114 மி.மீ.க்குச் சற்று மேல். கடையில் கிடைக்கும் வழக்கமான நிலையின் அகலம் 116 மி.மீ. நூறாண்டுக்கு முந்தைய வீடுகளிலோ அதே பெயருள்ள சட்டம் 100 மி.மீ.யை நெருங்கும். அதன்மேல் மெல்லிய மரப்பட்டிகளும் காரைப்பூச்சும் சேர்ந்து, ஒரு பக்கத்துக்கே பெரும்பாலும் 20 மி.மீ.யைத் தாண்டும். அந்தப் பூச்சை உடைத்துவிட்டுப் பலகை அறைந்தால் பழைய நிலை வெளியே துருத்தி நிற்கும். பூச்சை விட்டுவைத்துப் புது நிலையைப் பொருத்தினால் அது உள்ளே அமுங்கிவிடும்.

உடைக்கும் முன் வீட்டின் வயதைப் பார்ப்பது கட்டாயம். அஸ்பெஸ்டாஸ் கலந்த பட்டிப் பசை அமெரிக்காவில் 1977-இலும், வீடுகளுக்கான ஈயப் பெயின்ட் 1978-இலும்தான் தடைசெய்யப்பட்டன. அதற்கு முந்தைய வீட்டில் பரிசோதிக்காமல் தூசி கிளப்புவது ஆபத்து.

துருத்தி நிற்கும் நிலையை இழைத்துக் குறைக்கலாம் என்று தோன்றும். அது தவறான வழி. கீல் பதிந்திருக்கும் இடமே விளிம்பை ஒட்டித்தான் இருக்கிறது. நிலையைத் தொடாமல் சுவரை முன்னே கொண்டுவருவதே சரி: பலகை அறையும் முன், தேவையான கனத்துக்கு மரப்பட்டிகளைச் சட்டங்களின் முகத்தில் அடிக்க வேண்டும்.

அமுங்கிய நிலைக்கு, விளிம்பில் ஒரு மரத்துண்டை ஒட்டி ஆணியடித்து அகலம் கூட்டுவார்கள். அதை நிலையோடு சமமாக வைக்காமல் 3 மி.மீ. உள்ளே தள்ளி வைப்பது நல்லது. ஈரத்துக்கும் வறட்சிக்கும் மரம் அசையும்போது சம விளிம்பில் விரிசல் தெரியும். படி விட்ட விளிம்பில் தெரியாது.

பலகை இரண்டு மூன்று மி.மீ. மட்டும் மேலெழும்பியிருந்தால், ஓரப்பட்டி மறைக்கும் அகலத்துக்குள் மட்டும் அரத்தால் தேய்த்துவிடலாம்.

கனம் சரியாக இருந்தும் கதவு ஒரு மூலையில் மட்டும் இடித்தால், சுவரே முறுக்கியிருக்கக்கூடும். வாசலின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு நூல்களைக் குறுக்காக இழுத்துக் கட்டினால் அது தெரிந்துவிடும். நூல்கள் நடுவில் லேசாகத் தொட்டுக்கொள்ள வேண்டும். அங்கே 5 மி.மீ. இடைவெளி இருந்தால், ஒரு மூலை 10 மி.மீ. விலகியிருக்கிறது என்று பொருள். அந்தப் பிசகை இரு நிலைக்கால்களுக்கும் பாதிப்பாதியாகப் பிரித்துவிட்டால் கண்ணுக்கு உறுத்தாது.

நிலைக்குப் பின்னால் ஆப்புகளை இருபுறமிருந்தும் இணையாகச் செருக வேண்டும். ஒரு பக்க ஆப்பு நிலைக்காலைத் திருப்பிவிடும். ஒவ்வொரு கீலுக்கும் பின்னால் ஓர் இணை ஆப்பு வேண்டும். கதவின் எடை முழுவதையும் தாங்கும் இடம் அது.

பலகையின் மூட்டு வாசலின் மேல்மூலைக்கு நேராக வரக்கூடாது. கதவு மூடும் அதிர்ச்சியில் விரிசல் தொடங்குவது அங்கேதான். ஒரே பலகையை மூலையைச் சுற்றி வெட்டிப் பொருத்தி, மூட்டைத் தள்ளி வைத்துக் காகித நாடாவும் பட்டிப் பசையும் இட்ட பிறகே ஓரப்பட்டி அடிக்க வேண்டும்.