மில் சங்கு நின்ற தெருவில் ஒரு மளிகைக் கடை



சென்ற மாதம் ஒரு நாள் கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ் ஏறித் திருவள்ளூர் போய், அங்கிருந்து மின்சார ரயிலில் பெரம்பூர் போய்ச் சேர்ந்தேன். பார்க்கப் போனது பழைய பின்னி மில் இருந்த பட்டாளம், ஓட்டேரிப் பகுதியை. ஒரு காலத்தில் என் மண்டியிலிருந்து புளி, மிளகாய், சித்தூர் வெல்லம் ஆகியவை அந்தப் பக்கத்துக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. அங்கே நான் பார்த்ததும் பழைய கணக்கில் கற்றதும் நம் சங்கத்து உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

மில்லின் கதை

பின்னி கம்பெனியார் நிர்வாகத்தில் பக்கிங்ஹாம் மில் 1876-ல் நிறுவப்பட்டது. கர்நாடிக் மில் 1881-ல் வந்தது. இரண்டும் 1920-ல் ஒன்றாக இணைந்து பக்கிங்ஹாம் அண்டு கர்நாடிக் மில் ஆயின. ஜனங்கள் சுருக்கமாக 'பி அண்டு சி மில்' என்றும் 'பின்னி மில்' என்றும் சொல்வார்கள். இராணுவத்துக்கும் போலீசுக்கும் இங்கிருந்து காக்கித் துணி போயிற்று. என் வயதுக்காரர்களுக்குப் பள்ளிக்கூட நிக்கர் என்றாலே பின்னி காக்கிதான் நினைவுக்கு வரும்.

பல ஆயிரம் தொழிலாளர்கள் வேலை செய்த இடம் அது. சங்கு ஊதினால் ஷிப்டு மாறும். ஷிப்டு மாறினால் தெருவே நிரம்பும். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் அங்கே மளிகைக் கடை, அரிசிக் கடை, டீக்கடை, துணிக்கடை, அடகுக் கடை எல்லாம் நடந்தன.

நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சேதியை இங்கே சொல்ல வேண்டும். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று பெயர் பெற்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ல் இந்த மில்லை ஒட்டித்தான் பிறந்தது. அதற்கு வித்திட்ட செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் மில் தொழிலாளிகள் அல்லர். அந்தப் பகுதியில் கடை வைத்திருந்த சிறு வியாபாரிகள். சாப்பாட்டு நேரம் போதவில்லை, மேஸ்திரி ஏசுகிறார் என்று தொழிலாளிகள் அவர்களிடம் வந்து குறை சொல்வார்களாம். கேட்டுக் கேட்டு மனம் பொறுக்காமல் இருவரும் அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே பி.பி.வாடியாவைக் கண்டு பேசினார்கள். வாடியா தலைவரானார். திரு.வி.க.வும் உடன் நின்று உழைத்தார். 1921-ல் பல மாதங்கள் நடந்த வேலைநிறுத்தமும், அதையொட்டிப் புளியந்தோப்பில் நடந்த கலவரமும் சரித்திரத்தில் இடம் பெற்றவை. வாடியா மீது மில் நிர்வாகம் போட்ட வழக்கின் விளைவாகத் தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் வலுத்து, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

கடைக்காரன் வெறும் சரக்கு விற்பவன் மட்டுமல்ல, வாடிக்கையாளன் வீட்டு நல்லது கெட்டது அவனுக்குத்தான் முதலில் தெரியும் என்பதற்காக இதைச் சொன்னேன். தெரிந்தும் நான் கவனிக்கத் தவறிய கதை ஒன்று உண்டு.

மில் 1996-ல் மூடப்பட்டது.

சம்பள நோட்டின் கணக்கு

அந்தப் பகுதியில் எனக்கு ஒரு வாடிக்கைக் கடை இருந்தது. தகப்பனார் காலத்திலிருந்து கடை வைத்திருந்தவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். அவர் கடையில் ஏறக்குறைய நூறு குடும்பங்களுக்கு நோட்டு இருந்தது. மாதம் முழுவதும் நோட்டில் எழுதிச் சாமான் வாங்குவார்கள், சம்பளம் வந்ததும் கொடுப்பார்கள். நான் அவருக்கு முப்பது நாள் தவணையில் சரக்கு அனுப்புவேன்.

இந்த ஏற்பாட்டை யோசித்துப் பாருங்கள். சரக்கு என்னுடையது. அதைக் கடன் கொடுத்தவர் அவர். அதைச் சாப்பிட்டது நூறு வீடு. அந்த நூறு வீட்டுக்கும் பணம் வரும் வழி ஒரே ஒரு கேட். அப்படியானால் என் முதல் யாரிடம் இருந்தது? கடைக்காரரிடம் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது மில் கேட்டுக்கு உள்ளே இருந்தது.

ஒரு நோட்டுக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு நோட்டுக்கு 60,000 ரூபாய். செலவெல்லாம் போக நூற்றுக்கு 7 ரூபாய் நின்றால் மாத லாபம் 4,200 ரூபாய். ஒரே ஒரு மாதம் சம்பளம் வராமல் 60,000 ரூபாயும் நின்றுபோனால் பதினான்கு மாத லாபத்துக்கு மேல் போயிற்று. பழக்கத்துக்காக இரண்டாவது மாதமும் கொடுத்தால் இரண்டு வருஷத்துக்கு மேல் உழைத்தது போயிற்று. கடன் வியாபாரத்தில் விற்பனை பெரிதாகத் தெரியும், லாபம் சிறிதாக இருக்கும், நஷ்டம் முதலையே தொடும். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

மில் மூடிய பிறகும் அவர் நோட்டை நிறுத்தவில்லை. "மூணு தலைமுறையா நம்ம கடையிலே வாங்கினவங்க அண்ணே, இப்ப எப்படி இல்லேன்னு சொல்றது? பி.எஃப். பணம் வந்ததும் குடுத்துடுவாங்க" என்றார். நானும் சரக்கு அனுப்புவதை நிறுத்தவில்லை. அது என் தப்பு. 1999-ல் அவர் கடையை மூடியபோது எனக்கு வர வேண்டிய பாக்கி 84,000 ரூபாய். வசூலுக்குப் போனேன். ஒரு சர்க்கரைச் சாக்கு நிறைய நோட்டுகளைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினார். ஒன்றிரண்டை எடுத்துப் புரட்டினேன். கடைசிப் பக்கங்களில் நொய், உப்பு, பாமாயில் கால் லிட்டர், குழந்தைக்கு பிஸ்கட் என்று இருந்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை.

அவர் வேறொரு கடையில் கணக்கெழுதப் போனார். மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் ஏழு வருஷம் மணியார்டர் அனுப்பி 2006-ல் பாக்கியைத் தீர்த்தார். வட்டி நான் கேட்கவில்லை. அவர் இப்போது இல்லை.

முன்கூட்டியே தெரியும் அடையாளங்கள்

ஒரு ஊரின் வருமானம் இறங்கப் போகிறது என்பது பத்திரிகையில் வருவதற்கு முன் மளிகைக் கடைச் சீட்டில் வந்துவிடும். அந்தப் பழைய சீட்டுகளைப் பின்னால் எடுத்துப் பார்த்தபோது எனக்குப் புரிந்தவை இவை.

முதலாவது, மொத்தச் சரக்கின் எடை குறையாது, ரகம்தான் குறையும். துவரம்பருப்பு மூட்டை இறங்கும், பட்டாணிப் பருப்பு ஏறும். பொன்னி அரிசி இறங்கும், நொய் ஏறும். காப்பித்தூள் இறங்கும், டீத்தூள் ஏறும். புளியும் மிளகாயும் மட்டும் அப்படியே நிற்கும். என் சரக்கு அவை இரண்டும் என்பதால் எனக்கு ஆபத்து கண்ணில் படவே இல்லை.

இரண்டாவது, நோட்டில் 'வரவு' முழுத் தொகையாக இல்லாமல் ரவுண்டுத் தொகையாக வரத் தொடங்கும். 612 ரூபாய்க்கு 500 வரும். மீதி அடுத்த பக்கத்துக்கு ஏறும்.

மூன்றாவது, கையில் ரொக்கம் இருக்கும் நாளில் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போவார். பாக்கி இருக்கும் கடைக்கு முன்னால் நடக்கவே கூச்சப்பட்டுத் தெருவை மாற்றிக்கொள்வார். அதை நாம் துரோகம் என்று நினைக்கிறோம். அது வெட்கம்.

சீமையிலும் இதே கதை

நம் ஊர் மில்களுக்கு முன்னோடி இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள லங்காஷயர் மாவட்டம். மான்செஸ்டரைச் சுற்றி ஓல்டாம், ராச்டேல், பர்ன்லி, டார்வென் என்று ஊருக்கு ஊர் பஞ்சாலைதான். அந்தத் துணிதான் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்றபோது அந்த ஊர்கள் பட்டினி கிடந்தன. 1931 செப்டம்பரில் காந்தியடிகள் டார்வெனுக்குப் போய், நம் அந்நியத்துணிப் பகிஷ்காரத்தால் வேலையிழந்த தொழிலாளர்களை நேரில் சந்தித்துப் பேசினார். பிற்பாடு அந்த மில்களும் ஒவ்வொன்றாக மூடின. நம் துணைக்கண்டத்திலிருந்து அங்கே மில் வேலைக்குப் போனவர்களில் பலர் மூடிய பிறகு பிழைப்புக்கு நடத்தியது எது தெரியுமா? தெருமுனை மளிகைக் கடை.

அதே ராச்டேலில் 1844 டிசம்பர் 21-ம் தேதி 28 பேர் சேர்ந்து, ஆளுக்கு ஒரு பவுன் போட்டு, டோட் லேன் என்ற தெருவில் ஒரு கடை திறந்தார்கள். நெசவாளிகளும் மற்றத் தொழிலாளிகளுமான ஏழைகள். முதல் நாள் சரக்கு மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவர்த்தி. அவ்வளவே. அவர்கள் வைத்துக்கொண்ட விதிகளில் மூன்றை நாம் பார்க்க வேண்டும். எடை சரியாக இருக்க வேண்டும். கலப்படம் கூடாது. கடன் கிடையாது, ரொக்கம் மட்டும். முன்பு அதே ஊரில் நடந்த ஒரு கூட்டுறவுக் கடை கடன் கொடுத்தே மூழ்கியதைப் பார்த்தவர்கள் அவர்கள். லாபத்தை வாங்கிய அளவுக்கு ஏற்ப வாடிக்கையாளருக்கே பங்கிட்டுக் கொடுத்தார்கள். உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கே அந்தக் கடை வழிகாட்டியாயிற்று. நம் சென்னையில் 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி டி.யு.சி.எஸ். அந்த வழியில் வந்ததுதான்.

கடனே கொடுக்காமல் நம் ஊரில் கடை நடத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கடன் கொடுக்காத கடையை நடத்தியவர்கள் பணக்காரர்கள் அல்லர், கையில் ஒன்றுமில்லாத நெசவாளிகள் என்பதை நினைவில் வைப்போம்.

இன்று அந்தத் தெருவில்

மில் மூடிய பிறகு அந்தக் கட்டடங்களில் வெகுகாலம் சினிமாப் படப்பிடிப்பு நடந்தது. நிலத்தின் ஒரு பகுதியில் இப்போது பல மாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. சங்குச் சத்தம் கேட்ட இடத்தில் லிப்டு மணி கேட்கிறது. அதே பெரம்பூர் வட்டாரத்தில் 1955-ல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. அந்தப் பக்கம் நோட்டு வைத்திருந்த கடைகள் பிழைத்தன. திறமை வித்தியாசம் ஒன்றும் இல்லை. எந்த கேட்டுக்கு எதிரே கடை அமைந்தது என்பதுதான் வித்தியாசம்.

நான் போன காரணத்தை இப்போது சொல்கிறேன். அந்தக் கடைக்காரரின் மகன் அதே தெருவில் மறுபடி மளிகைக் கடை வைக்கிறார். "பெரியப்பா, அப்பாவுக்குக் குடுத்த மாதிரி எனக்கும் முப்பது நாள் தவணையிலே சரக்கு குடுங்க" என்று கேட்டு வந்திருந்தார். இடத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

பார்த்தேன். அந்தக் குடியிருப்புகளுக்குப் போனிலேயே சாமான் வந்து இறங்குகிறது. தம்பி அவர்களையே நம்பிக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். "தம்பி, உங்கப்பா ஒரு கேட்டை நம்பினார். நீயும் ஒரு கேட்டைத்தான் நம்பறே. வாட்ச்மேன் உடுப்புதான் மாறியிருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பின் தெருவில் உள்ள டிபன் கடைகள், மெஸ், பழைய குடித்தனங்கள் எல்லாவற்றையும் இருவரும் நடந்து எண்ணினோம். முடிவாக, பாதி ரொக்கம், பாதிக்குப் பதினைந்து நாள் தவணை என்று சரக்கு கொடுக்கச் சம்மதித்தேன். எந்த ஓர் இடத்து வாடிக்கையும் மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பேச்சு. மகன் ஜெயிப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. தகப்பனார் அனுப்பிய எண்பத்து நான்கு மணியார்டரை நினைத்துத்தான் கொடுத்தேன்.

நம் பக்கத்துக்கு என்ன பாடம்?

நமக்கும் இது தூரத்துச் சங்கதி இல்லை. பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, அம்மையார்குப்பம் பக்கம் தறியை நம்பிய கடைகள் உண்டு. நூல் விலை ஏறித் தறி நின்றால் கடை நோட்டும் நின்றுவிடும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் திறந்த நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடியது. மறைமலைநகரில் போர்டு கம்பெனி 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. திருத்தணிக் கிருத்திகைக் கூட்டத்தை மட்டும் நம்பிய கடைகள் 2020-ல் கொரோனா ஊரடங்கில் பட்ட பாட்டை நாமே பார்த்தோம்.

ஆகவே இந்த மாதம் கடை சாத்திய பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நோட்டுகளை எடுத்து, பெயர்வாரியாக அல்ல, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துப் பிரித்து அடுக்குங்கள். தறிக்கு ஒரு அடுக்கு, கம்பெனிக்கு ஒரு அடுக்கு, விவசாயத்துக்கு ஒன்று, சர்க்கார் சம்பளத்துக்கு ஒன்று, கோயில் வியாபாரத்துக்கு ஒன்று. எந்த அடுக்கு உயரமாக இருக்கிறதோ அங்கேதான் உங்கள் முதல் இருக்கிறது. அந்த அடுக்கில் புது நோட்டு போடுவதை நிறுத்தி, மற்ற அடுக்குகளில் வாடிக்கை தேடுங்கள். மொத்த வியாபாரிகளும் தங்கள் சில்லறைக் கடைக்காரரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அந்தச் சர்க்கரைச் சாக்கு நோட்டுகளை நான் இப்படி அடுக்கியிருந்தால் ஒரே ஒரு அடுக்குதான் இருந்திருக்கும்.