இளமையில் கண்ட நிலம்

நுழையும்முன்

இளமையில் மேற்கொள்ளும் பயணம் ஒருவரின் கண்ணையும் கருத்தையும் புதிதாக வடிக்க வல்லது. பயணி கலைஞராகவும் இருந்தால், அப்பயணத்தின் பயன் அவரோடு முடிவதில்லை. அழிந்துபோனவற்றுக்கும் மாறிப்போனவற்றுக்கும் அவர் கைவண்ணமே சான்றாகிறது. தாமிரபரணிக் கரைக்கு வந்த அண்ணனையும் ஆப்பிரிக்கச் சமவெளிக்குச் சென்ற தம்பியையும் பற்றியது இக்கட்டுரை.

பாபநாசம் வந்த இளைஞர்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் அருவியாய் இறங்கிச் சமவெளியை அடைகிறது. 1792ஆம் ஆண்டில் அவ்வருவியை வரைவதற்காக ஆங்கில ஓவியர் இருவர் அங்கு வந்தனர். ஒருவர் தாமஸ் டேனியல். மற்றவர் அவருடைய உடன்பிறந்தாரின் மகனான வில்லியம் டேனியல். அப்போது வில்லியமுக்கு வயது 23.

வில்லியம் 1769இல் பிறந்தவர். தந்தையை இளமையிலேயே இழந்து தாமஸின் அரவணைப்பில் வளர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் இசைவு பெற்று 1785இல் தாமஸ் கப்பலேறியபோது, உதவியாளராக வில்லியமும் உடன் சென்றார். இன்று மேல்நிலை முதலாம் ஆண்டில் பயிலும் மாணவரின் வயதுதான் அன்று அவருக்கு. சீனத்தின் வழியாகக் கல்கத்தாவை அடைந்த இருவரும், கங்கைக் கரையோரமாக இமயமலைப் பகுதிவரை சென்று திரும்பினர். பின்னர் 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, மைசூர் நாட்டின் எல்லையையும் மதுரையையும் கடந்து நெல்லைச் சீமைக்குள் நுழைந்தனர். பாபநாசம் அருவியையும், களக்காட்டுப் பகுதியிலிருந்து குமரிமுனைத் திசையில் தெரியும் மலைத்தொடரையும் வரைந்தனர்.

1794இல் இங்கிலாந்து திரும்பியபோது வில்லியம் 25 வயது இளைஞர். அதுவரை வரைந்து சேர்த்தவற்றைச் செப்புத் தகடுகளில் பதித்து அச்சிடும் பணியில் அவர் பல்லாண்டுகள் மூழ்கினார். கீழைநாட்டுக் காட்சிகள் எனப் பொருள்படும் 'ஓரியண்டல் சீனரி' என்னும் வரிசையில் 1795 முதல் 1808 வரை 144 படங்கள் வெளிவந்தன. பாபநாசம் அருவியும் அவற்றுள் ஒன்று.

தெரிந்து தெளிவோம்
அக்வாடின்ட் என்பது செப்புத் தகட்டைக் கொண்டு படம் அச்சிடும் முறை. தகட்டின்மேல் பிசின் தூளைத் தூவிச் சூடேற்றினால் அது நுண்மணிகளாக ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் இட்டால், மணிகளுக்கு இடைப்பட்ட செம்பு மட்டும் அரிக்கப்படும். வெளிறித் தோன்ற வேண்டிய இடங்களை மெழுகெண்ணெய் பூசி மறைத்து, எஞ்சிய பகுதியை மீண்டும் மீண்டும் அமிலத்தில் இடுவர். மிகுதியாக அரிக்கப்பட்ட இடம் மிகுதியாக மையை ஏற்றுக் கருமையாகும். நீர்வண்ண ஓவியத்தின் மென்மை இம்முறையில் கிட்டும். அச்சான பின் கையால் வண்ணம் தீட்டுவதும் உண்டு.

தம்பி சென்ற திசை

அண்ணன் இந்தியாவிலிருந்து திரும்பியபோது தம்பி சாமுவேல் டேனியலுக்கு வயது 19. 1775இல் பிறந்த சாமுவேலும் ஓவியம் பயின்றவர். தொலைநாட்டு மலைகளும் கோயில்களும் அருவிகளும் நிறைந்த வரைதாள்கள் தம் குடும்பத்திலேயே குவிந்திருக்க, அவர் மனமும் கடல் கடக்க விழைந்ததில் வியப்பில்லை. ஆயினும் அண்ணன் சென்ற வழியில் அவர் செல்லவில்லை. 1799இல், தம் 24ஆம் வயதில், ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனைக்குப் பயணமானார். டச்சுக்காரரிடமிருந்து 1795இல் கைப்பற்றிய அந்நிலப்பகுதி அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது.

1801இல் கேப் குடியேற்றத்திலிருந்து வடக்கு நோக்கி ஒரு பயணக்குழு புறப்பட்டது. உள்நாட்டு மக்களிடமிருந்து கால்நடைகள் வாங்குவதே அதன் முதன்மை நோக்கம். சாமுவேல் அக்குழுவின் செயலராகவும் ஓவியராகவும் சென்றார். எருதுகள் இழுக்கும் வண்டிகளில் வறண்ட நிலங்களைத் தாண்டி, ஆரஞ்சு ஆற்றைக் கடந்து, சுவானா மக்களின் பெருநகரான லிட்டாக்கூவை அக்குழு அடைந்தது. வட்ட வடிவ வீடுகள் நிறைந்த அந்நகரைச் சாமுவேல் வரைந்தார். கொரானா மக்கள் தம் பாய்க்குடில்களைப் பிரித்துக்கொண்டு வேற்றிடம் பெயர ஆயத்தமாகும் காட்சியையும் வரைந்தார். டச்சுக் குடியானவர்களின் வீடும் வேட்டையும் அவர் ஓவியங்களில் இடம்பெற்றன.

நாடு திரும்பிய பின் 1804, 1805ஆம் ஆண்டுகளில் 'ஆப்பிரிக்கன் சீனரி அண்ட் அனிமல்ஸ்' என்னும் தலைப்பில் 30 படங்களை அவர் வெளியிட்டார். தாமஸும் வில்லியமும் கோயில், கோட்டை, அருவி ஆகியவற்றையே முதன்மையாக வரைந்தவர்கள். அவர்களுடைய நிலக்காட்சிகளில் மனித உருவங்கள் பெரும்பாலும் சிறியனவாகவே தோன்றும். சாமுவேலின் ஓவியங்களிலோ விலங்குகளும் மனிதர்களும் முன்னே வந்து நிற்கின்றனர். பரந்த புல்வெளி அவர்தம் வாழிடமாகப் பின்னே விரிகிறது. ஆப்பிரிக்கா அவருக்கு அளித்த புதிய பார்வை இதுவே.

வரிக்குதிரையின் உறவு

அத்தொகுப்பிலுள்ள விலங்குகளுள் ஒன்று குவாக்கா. வரிக்குதிரை இனத்தைச் சேர்ந்த அதற்குத் தலையிலும் கழுத்திலும் மட்டுமே வரிகள் அழுத்தமாக இருக்கும். உடலின் பின்புறம் நோக்கிச் செல்லச் செல்ல அவை மங்கிப் பழுப்பு நிறத்தில் கலந்துவிடும். சாமுவேல் சென்ற காலத்தில் குவாக்காக்கள் தென்னாப்பிரிக்கப் புல்வெளிகளில் கூட்டமாக மேய்ந்தன. குடியேறியவர்கள் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் அவற்றை வேட்டையாடினர். தம் ஆடுமாடுகளுக்குரிய புல்லை அவை தின்றுவிடுகின்றன என்பதாலும் கொன்றனர். இறுதி குவாக்கா 1883இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது.

1804இல் அவ்விலங்கின் படத்தை அச்சிட்டபோது, 80 ஆண்டுகளுக்குள் அவ்வினமே இல்லாது போகும் எனச் சாமுவேல் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. அவர் தம் கண்ணெதிரே நின்ற ஓர் உயிரை உற்றுநோக்கி வரைந்தார், அவ்வளவே. அந்த உண்மையான நோக்கே பின்வந்தோர்க்கு ஆவணமாயிற்று.

மீண்டும் கடல் கடந்து

ஆப்பிரிக்கப் படங்கள் சாமுவேலுக்குப் புகழ் தந்தன. அப்புகழைக் கொண்டு லண்டனிலேயே நிலையாகத் தங்க அவர் முயலவில்லை. காடும் விலங்கும் நிறைந்த நிலத்தை நாடி மீண்டும் கப்பலேறி இலங்கை சேர்ந்தார். தாமிரபரணி பாயும் நிலத்துக்கு மிக அண்மையில் இருப்பது இலங்கை. 'தம்பபண்ணி' என அந்நதியின் பெயரையொத்த பெயரே அத்தீவின் பழம்பெயராகவும் வழங்கிற்று. அண்ணன் குமரிமுனைப் பகுதியோடு திரும்பிவிட, தம்பி அதனைத் தாண்டிய தீவில் தம் எஞ்சிய ஆண்டுகளைக் கழித்தார்.

இலங்கையிலும் அவரை ஈர்த்தவை யானை, மான் முதலிய விலங்குகளும் அடர்ந்த காடுகளும் மக்களுமே. ஆப்பிரிக்காவில் கற்ற முறையையே அவர் அங்கும் கைக்கொண்டார். இலங்கைக் காட்சிகளின் தொகுப்பு 1808இல் லண்டனில் வெளியாயிற்று. ஆனால், காடுகளிலும் சதுப்புநிலங்களிலும் நெடுங்காலம் தங்கியதால் உடல்நலம் குன்றி, 1811 டிசம்பரில் தம் 36ஆம் வயதில் அத்தீவிலேயே அவர் காலமானார். இளமைப் பயணம் அவருக்குக் கலையின் பொருளை அளித்தது. அதன் தொடர்ச்சியே அவர் ஆயுளைக் குறைத்தது.

தம்பி விட்டுச்சென்ற ஆப்பிரிக்க வரைபடங்களைக் கொண்டு, வில்லியம் 1820இல் மற்றொரு தொகுப்பை வெளியிட்டார். அவரும் தம் இளமைப் பயணத்தை மறந்தாரல்லர். முதுமை வரை இந்தியக் காட்சிகளை வரைந்தார். அயல்நாட்டில் பழகிய பயணியின் கண்ணோடு தாய்நாட்டின் கடற்கரையையும் சுற்றிவந்து, 1814 முதல் 1825 வரை 308 படங்களை வெளியிட்டார். 1837இல் அவர் மறைந்தார்.

ஓவியம் சொல்லாதவை

இவ்வோவியங்களைப் போற்றும் நாம், இவை எத்தகைய சூழலில் பிறந்தன என்பதையும் அறிதல் வேண்டும். டேனியல்கள் தெற்கே பயணம் செய்தது, திப்பு சுல்தானோடு கம்பெனி நிகழ்த்திய மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த உடனேயாகும். சாமுவேல் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்ட அதே 1799இல்தான், நெல்லைச் சீமையில் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கேப் குடியேற்றத்தின் எல்லையிலும் அக்காலத்தில் போர் நடந்தது. ஆட்சியாளர் வகுத்த வழியிலும் அவர்தம் பாதுகாப்பிலுமே இவ்வோவியர்கள் பயணம் செய்தனர். அமைதி தவழும் இந்நிலக்காட்சிகளில் அப்போராட்டங்களின் குரல் கேட்பதில்லை.

பெயர்களிலும் இக்குறை உண்டு. பாபநாசம் என்னும் பெயரைத் தம் செவிக்கேற்பத் திரித்தே டேனியல்கள் எழுதினர். ஆப்பிரிக்கப் படங்களிலோ, மக்கள் தம்மை அழைத்துக்கொண்ட பெயர்களுக்கு மாறாகக் குடியேறியவர்கள் இட்ட இழிபெயர்களும் இடம்பெற்றுள்ளன. வரையப்பட்டவர் தம்மைப் பற்றி என்ன கருதினார் என்பதை வரைந்தவரின் தாள் சொல்வதில்லை. எனவே, ஓவியத்தைச் சான்றாகக் கொள்ளும்போது, அது காட்டுவதையும் காட்டாமல் விடுவதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

கண் பெற்ற செல்வம்

டேனியல்கள் கண்ட பாபநாசம் இன்றில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அருவியின் நீர்விசையைக் கொண்டு பஞ்சாலை இயங்கத் தொடங்கியது. 1940களில் மலையில் அணையும் நீர்மின் நிலையமும் எழுந்தன. அவற்றால் வாழ்வு பெற்றோர் பலர். எனினும், தடையின்றி இறங்கிய பழைய தாமிரபரணியின் தோற்றத்தை இன்று காண விரும்புவோர், 23 வயது இளைஞர் ஒருவர் கண்டு பதித்த படத்தையே நாட வேண்டியுள்ளது. குவாக்காவைக் காண விரும்புவோர் அவர் தம்பியின் படத்தை நாடுவதைப் போன்றதே இதுவும்.

தொலைநாடு சென்றால்தான் கண் திறக்கும் என்பதில்லை. நாள்தோறும் கடக்கும் ஆறும் குளமும் வயலும் பறவையும் உற்றுநோக்குவோர்க்குப் புதியனவே. வெளியிலிருந்து வந்த ஓவியர் விட்டுச்சென்ற இடைவெளியை நிரப்பும் தகுதி, அந்நிலத்தின் பெயர்களையும் வரலாற்றையும் அறிந்த அதன் மக்களுக்கே உண்டு. இன்று அக்கரையில் வாழும் இளைஞர் ஒருவர் தாமிரபரணியைக் கூர்ந்து நோக்கி வரைந்தாலும் எழுதினாலும், நாளைய தலைமுறைக்கு அதுவே சான்றாகும்.