உங்களுக்குத் தெரியுமா? ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலகம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். குருப்பெயர்ச்சிக்குக் கூட்டம் அலைமோதும் ஆலங்குடி, திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. நாம் பேசுவது புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி. வழிதவறி இங்கே இறங்கிவிட்டவர்கள், கிளை நூலகத்துக்குள் நுழைந்தால் வேறு வகை குருமார்களைப் பார்க்கலாம்.

*

ஆலங்குடியில் சொந்த வீடு இருக்கிறதா? அப்படியானால் நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. வரி 800 ரூபாய் என்றால், நூலகத்துக்கு 80 ரூபாய். உள்ளாட்சி வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. வாடகை வீட்டுக்காரர்களும் தப்பவில்லை. வீட்டு உரிமையாளர் வரியையும் சேர்த்துத்தானே வாடகையைச் சொல்கிறார்! காசு கொடுத்துவிட்டுப் பொருளைக் கடையிலேயே விட்டுவருகிற பழக்கம் நமக்குக் கிடையாது. நூலக விஷயத்தில் மட்டும் எப்படியோ அதைப் பழகிக்கொண்டோம்.

*

இந்த வரிக்குப் பின்னால் இருப்பது 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுதான். (கோலாப்பூர் சமஸ்தானம் 1945-லேயே ஒரு சட்டம் போட்டுவிட்டது. அதனால் ‘விடுதலை பெற்ற’ என்ற சொல்லை விட்டுவிடாமல் சொல்ல வேண்டும்.) அப்போது கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார்.

இதில் ஆலங்குடிக்கு ஒரு தனிக் கதை உண்டு. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மூன்று தாலுகாக்களில் ஆலங்குடியும் ஒன்று. மற்றவை குளத்தூர், திருமயம். சமஸ்தானம் இந்திய யூனியனில் இணைந்தது 1948 மார்ச் 3 அன்று. மன்னர் ஆட்சி முடிந்த ஆண்டும் நூலகச் சட்டம் வந்த ஆண்டும் ஒன்றே.

*

சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் அலைந்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வேலை பிடிக்கவில்லை, திரும்பவும் வகுப்பறைக்கே போய்விடத் துடித்தார். லண்டனில் நூலகப் படிப்பு முடித்து வந்தபின் மனம் மாறியது. 1931-இல் அவர் வெளியிட்ட நூலகத்தின் ஐந்து விதிகளை உலகம் முழுக்க இன்றும் நூலக மாணவர்கள் படிக்கிறார்கள். அவர் பெயரில் ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் நாள்.

*

அதே 1931-இல், மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகக் கிளம்பியது. நடத்தியவர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை. தமிழ்நாட்டு நடமாடும் நூலகத்துக்கு முன்னோடி, ஒரு ஜோடி மாடு!

*

மாட்டு வண்டிக்கு அறுபது ஆண்டு கழித்து, புதுக்கோட்டையில் சைக்கிள். 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதற்கு முழு ஊக்கம் தந்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். பெண்கள் சைக்கிள் தீர்ந்துபோய், குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். ‘பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்?’ என்று கேட்ட வாய்கள் அதன்பின் எங்கே போயின என்று தெரியவில்லை.

நூலகத்துக்குப் போக இரண்டு தேவை: படிக்கத் தெரிய வேண்டும், அங்கே போய்ச் சேர வேண்டும். இரண்டையும் ஒரே இயக்கம் கொடுத்தது.

*

போய்ச் சேர முடியாதவர்களுக்கு? முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் என வர இயலாதவர்களின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பது தமிழக அரசின் ‘நூலக நண்பர்கள்’ திட்டம். 2022-இல் வந்தது. படிக்க நேரமில்லை, ஆனால் கையில் ஆயிரம் ரூபாய் இருக்கிறது என்பவர்கள் நூலகப் புரவலர் ஆகலாம். இரண்டும் இல்லாதவர்கள் வாசகர் வட்டத்தில் சேர்ந்து பேசலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

*

அரிய புத்தகம் வேண்டுமா? சென்னைக்குப் பஸ் ஏற வேண்டாம். புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி கிருஷ்ணமூர்த்தி தம்பதியர் கைக்காசு போட்டுச் சேர்த்த ‘ஞானாலயா’ ஆய்வு நூலகம் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேலான நூல்கள், அவற்றில் பல முதல் பதிப்புகள், பழைய இதழ்கள். ஒரு ஆசிரியக் குடும்பத்தின் சம்பளத்தில் இவ்வளவா என்று மலைப்பாக இருக்கும். முதல் பதிப்பு எதற்கு என்று கேட்பவர்கள், பின்னால் வந்த பதிப்புகளில் காணாமல் போன முன்னுரைகளைத் தேடிப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள்.

பக்கத்து மாவட்டத்துக் கோட்டையூரிலும் ஒருவர் இப்படிச் சேர்த்தார். அவர் ரோஜா முத்தையா. அவர் சேமிப்புதான் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது.

*

புத்தகத்தின் முதுகில் 894.811 என்று ஒட்டியிருந்தால் அது தமிழ் இலக்கியம். டூயி பகுப்பு முறையில் நம் மொழிக்குக் கொடுத்த எண். கடைசியில் 1 சேர்ந்தால் கவிதை, 3 சேர்ந்தால் கதை, நாவல். பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து ‘கண்டுபிடி பார்ப்போம்’ என்று அலமாரிப் பக்கம் அனுப்பிப் பாருங்கள். அரை மணி நேரம் போன் கேட்க மாட்டார்கள்.

*

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-இல் பிறந்த ராயவரமும் இந்த மாவட்டம்தான். சிறுவர் அலமாரியில் முதலில் அவரைத் தேடுங்கள்.

*

கடைசியாக ஒன்று. கிளை நூலகத்துக்கு வார விடுமுறை ஞாயிறு அல்ல, வெள்ளி. இரண்டாவது சனிக்கிழமையும் திறக்காது. ஞாயிற்றுக்கிழமை, வீட்டு முகவரிச் சான்றை எடுத்துக்கொண்டு போங்கள்; உறுப்பினர் அட்டை கேளுங்கள்.