விடைகொடுக்கும் வேளை

நாய் வளர்ப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குட்டியைப் பற்றியே பேசுவர். என்ன உணவு இடுவது, எப்பொழுது தடுப்பூசி போடுவது, எவ்வாறு பழக்குவது என்றெல்லாம் சொல்லித் தருவர். அக்குட்டி ஒரு நாள் கிழடாகும் என்பதைச் சொல்வார் அரியர். கிழடாகி, நோயுற்று, தீராத் துன்பத்தில் அது கிடக்கும்போது வளர்த்தவர் செய்யத்தக்கது யாது? இந்த வினாவைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கேட்பதற்கு இனிய பொருள் அன்று. ஆயினும் உங்களுள் பலர் வீட்டில் நாய் உண்டு. அந்த நாள் அவ்வீடுகளுக்கும் வரும்.

கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலம் என் ஊர். அங்கே என் வீட்டில் வீரன் என்னும் நாட்டு நாய் 13 ஆண்டுகள் வாழ்ந்தது. நான் பள்ளிக்குப் புறப்படும்போது தெருமுனை வரை உடன் வரும். அங்கே நின்று, நான் திரும்பிப் பார்த்த பிறகே வீட்டுக்குப் போகும். நான் பணி ஓய்வு பெற்ற மறுநாளும் காலை எட்டரை மணிக்கு அது வாயிற்படியில் வந்து நின்றது. எனக்கு ஓய்வு கிடைத்த செய்தியை அதற்கு யாரும் சொல்லவில்லை. அதன்பின் வேறு வழியின்றி நாள்தோறும் அந்த நேரத்தில் தெருமுனை வரை போய் வருவதை நான் வழக்கமாக்கிக் கொண்டேன்.

நாயைப் போற்றுதல் நம் நாட்டுக்குப் புதிதன்று. திருவண்ணாமலைப் பகுதியில் செங்கம் வட்டாரத்தைச் சேர்ந்த எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உள்ளது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஆநிரைப் பூசலில் மாண்ட ஒரு வீரனுக்காக நட்ட அக்கல்லில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லெழுத்துக் கூறுகிறது. மன்னர்களின் பெயர்களே மறைந்துபோன நாட்டில் ஒரு நாயின் பெயர் 1,400 ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது!

ஆனால் கல் எடுத்த இதே நாட்டில்தான், கிழட்டு நாயைச் சாக்கில் கட்டிச் சந்தைக்கு அப்பால் விட்டுவிட்டு வரும் வழக்கமும் இருந்தது. என் இளமையில் நான் அதைக் கண்டிருக்கிறேன். ‘கொல்லவில்லை, விட்டுவிட்டோம்’ என்று பெரியவர்கள் மனநிறைவோடு சொல்வார்கள். கண் தெரியாத நாய், அறியாத ஊரில், பிற நாய்களின் நடுவே எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்று எவரும் கேட்டதில்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுவதையும், கொடிய முறையில் கொல்வதையும் குற்றமாக்கியது. மாநிலங்களவையில் அதற்காக முதற்குரல் எழுப்பியவர் நம் சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். பெரும் துன்பத்தில் கிடக்கும் விலங்கை உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகலாம் என்னும் கருத்தையும் அச்சட்டத்தின் ஒரு பிரிவு ஏற்றுக்கொள்கிறது.

முதுமை வேறு, நோய் வேறு என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். சிறிய வகை நாய்கள் 15 ஆண்டுகள்கூட வாழும். மிகப் பெரிய வகைகளோ எட்டு ஆண்டிலேயே முதுமை எய்திவிடும். வயதான நாயின் கண்மணியில் நீலம் பூத்தாற்போன்ற மங்கல் தோன்றும். காது மந்தமாகும், முகவாய் நரைக்கும், எழும்போது பின்னங்கால்கள் தடுமாறும். இவற்றுள் எதுவும் அதன் வாழ்வை முடிப்பதற்குக் காரணம் ஆகாது. கண் இழந்த நாய் மோப்பத்தாலேயே வீடு முழுவதும் நடமாடும். கட்டிலையும் தண்ணீர்ச் சட்டியையும் இடம் மாற்றாமல் வைத்தாலே போதும். ‘கிழமாகிவிட்டது, இனி எதற்கு?’ என்று கேட்பவரைக் காணும்போதெல்லாம், அறுபதைக் கடந்த எனக்கு இலேசான அச்சம் உண்டாவதை மறைக்க வேண்டியதில்லை.

வீரனுக்கு வந்தது சிறுநீரக நோய். அடிக்கடி தண்ணீர் குடித்தது. அடிக்கடி சிறுநீர் கழித்தது. கோடைக்காலமாதலால் வெயிலின் விளைவு என்று எண்ணிவிட்டேன். உடல் மெலிந்து, வாயில் துர்நாற்றம் வீசியபோதுதான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றேன். 1985-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அக்கல்லூரி எங்கள் ஊருக்கு அணிமையில் இருப்பது எங்கள் நற்பேறு. சிறுநீரகங்களின் வேலைத்திறனில் மூன்றில் இரு பங்குக்கு மேல் அழிந்த பிறகே இந்நோயின் குறிகள் வெளிப்படும். அழிந்தது மீளாது. தோலின் அடியில் நீர்மம் ஏற்றியும், உணவை மாற்றியும், குமட்டலுக்கு மருந்து தந்தும் சில காலம் இதமாக வைத்திருக்கலாம், அவ்வளவே. இவ்வாறு ஐந்து திங்கள் கழிந்தன. அவற்றுள் முதல் நான்கும் நல்ல திங்கள்களே.

இனி முடிவு கட்டும் வேளையை அறிவது எங்ஙனம்? இதில் இடர் யாதெனில், நாய் தன் வலியைச் சொல்லுவதில்லை. கதறினால்தான் வலி என்று நாம் நினைக்கிறோம். நெடுநாள் வலியுடைய நாய் பெரும்பாலும் கதறாது. ஓய்ந்து கிடக்கும்போதும் மூச்சிரைக்கும். இரவில் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் படுப்பதும் எழுவதுமாக இருக்கும். ஓரிடத்தையே நக்கும், தொட்டால் ஒதுங்கும், கட்டிலடியில் போய் மறைந்துகொள்ளும். ‘வாலை ஆட்டுகிறதே, அதற்கு என்ன குறை?’ என்பர். நாய் வாலை ஆட்டுவது நம்மைக் கண்டதனால். வலி இல்லாமையால் அன்று.

அமெரிக்க நாட்டுக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் ஒரு மதிப்பீட்டு முறையை வகுத்தார். வலி, உணவு, நீர், தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாள்கள் தீய நாள்களைவிட மிகுதியா என்பது ஆகிய ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். எழுபதில் முப்பத்தைந்துக்கு மேல் இருந்தால் பேணிக் காத்து வரலாம் என்பது அவர் கணக்கு. ஆயுள் முழுவதும் மதிப்பெண் இட்டவனாதலால் இம்முறை எனக்குப் பிடித்தது. வலி என்னும் பகுதியில் மூச்சுவிடும் இடர்ப்பாட்டையும் அவர் சேர்த்திருக்கிறார். மூச்சுக்குத் திணறுவதைவிடப் பெரிய துன்பம் இல்லை. ஒன்று சொல்வேன்: மதிப்பெண்ணை ஒருவர் மட்டும் இடலாகாது. வீட்டில் உள்ளோர் தனித்தனியே இட்டுப் பின்னர் ஒப்பிட வேண்டும். நாட்காட்டியில் நல்ல நாளுக்கு ஒரு குறியும் தீய நாளுக்கு ஒரு குறியும் இட்டு வருவது அதனினும் எளிது. நேற்றை மறந்து இன்று உண்ட ஒரு பிடிச் சோற்றைக் கண்டு மகிழும் மனத்தை அக்குறிகள் ஏமாற விடா.

நம் வீட்டு மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்து வலியைத் தணிக்க முயலாதீர்கள். நமக்கு நலம் செய்யும் இபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மற்றொன்று: நாயின் குணம் திடீரென மாறி, வாயில் உமிழ்நீர் ஒழுகி, விழுங்க இயலாமல் தவித்தால் அது வெறிநோயாக இருக்கலாம். அப்பொழுது தொடாமல் விலகி நின்று மருத்துவருக்கும் ஊராட்சிக்கும் அறிவிப்பதே முறை.

அறத்தின் வினாவுக்கு வருவோம். 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் கன்று ஒன்று ஊனமுற்று வேதனையில் கிடந்தது. பிழைக்காது என்று கால்நடை மருத்துவர் கைவிட்டார். ஒருக்களித்துப் படுக்க வைத்தாலும் அது துடித்தது. காந்தியடிகள் ஆசிரமத்தாரோடு கலந்து பேசினார். உயிரைப் படைக்க முடியாதவனுக்கு அதை அழிக்கும் உரிமை ஏது என்று ஓர் அன்பர் தடுத்தார். முடிவில் அடிகள் தம் முன்னிலையிலேயே மருத்துவர் ஒருவரைக்கொண்டு ஊசி போடச் செய்தார். இரண்டு நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்தது. அதை மறைக்காமல் தம் ‘யங் இந்தியா’ இதழிலும் எழுதினார். அகிம்சையின் ஆசிரியரே இதைச் செய்யலாமா என்று கடுஞ்சொற்கள் நிறைந்த மடல்கள் வந்து குவிந்தன.

அக்கட்டுரையிலேயே ஆசிரமத்துப் பயிரை அழித்த குரங்குகளைப் பற்றியும் அடிகள் எழுதினார். குரங்கைக் கொன்றால் அது நம் நலத்துக்காக. கன்றுக்குச் செய்தது கன்றின் நலத்துக்காக. இரண்டும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டினார். பின்னர் நான்கு நிபந்தனைகளையும் வகுத்தார். நோய் தீராததாக இருக்க வேண்டும். தொடர்புடைய அனைவரும் நம்பிக்கை இழந்திருக்க வேண்டும். எந்தப் பணிவிடையாலும் பயன் இல்லாத நிலை வந்திருக்க வேண்டும். நோயுற்ற உயிர் தன் விருப்பத்தைச் சொல்ல முடியாததாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூடாது என்றார். இவற்றுள் நாயைப் பொறுத்தவரை மூன்றாவதே நம் மனச்சான்றைச் சோதிப்பது. இரவில் எழ வேண்டியிருக்கிறது, தரையைக் கழுவ வேண்டியிருக்கிறது என்பதற்காகப் ‘பயன் இல்லை’ என்று சொல்லிவிட எளிதில் மனம் வரும். அது குரங்கின் கணக்கு.

ஆனால் யான் செய்த பிழை அதற்கு நேர் எதிரானது. ஐந்தாம் திங்களில் வீரன் சோற்றைத் தொடவில்லை. குடித்த நீரையும் கக்கியது. நாட்காட்டியில் தொடர்ந்து பன்னிரண்டு தீய குறிகள் விழுந்தன. மருத்துவர் இரண்டு முறை குறிப்பாகச் சொன்னார். நான் ‘இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்’ என்றேன். எதைப் பார்க்க? அந்த ஒரு வாரமும் எனக்காக, வீரனுக்காக அன்று. எட்டரை மணிக்குத் தனியே தெருமுனை வரை போக எனக்கு மனமில்லை என்பதே உண்மை. இறுதியில் என் மனைவிதான், ‘அது நமக்காகப் பொறுத்துக்கொண்டு கிடக்கிறதுங்க’ என்றாள். அன்று மாலையே மருத்துவரை அழைத்தேன்.

அந்த முறையை அறியாமையால் அஞ்சுவோர் பலர். முதலில் அமைதியுறச் செய்யும் ஊசி, நாய் உறங்குகிறது. பின்னர் மயக்க மருந்தை மிகுந்த அளவில் நரம்பின் வழியே செலுத்துவர். சில நொடிகளில் உணர்வு அடங்கும். சில நிமிடங்களில் இதயம் நிற்கும். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்ட பிறகே மருத்துவர் உறுதி கூறுவார். கண்கள் மூடா, உயிர் நீங்கிய பின்னும் ஒரு பெருமூச்சோ தசைத் துடிப்போ நிகழலாம், சிறுநீர் கழியலாம். அது துன்பம் அன்று என்பதை முன்னரே அறிந்திருந்தால் பதற்றம் இராது. இதைப் பதிவுபெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டும். சிறுவர்களிடம் ‘தூங்க வைக்கப் போகிறோம்’ என்று சொல்லாதீர்கள். அன்றிரவு அவர்கள் தூங்க அஞ்சுவார்கள். இறந்துவிடும் என்றே சொல்லுங்கள். உடன் இருக்க விரும்பினால் இருக்கட்டும். வீரனின் தலை என் மடியில் இருந்தது.

உடலை ஆழப் புதைக்க வேண்டும். அம்மருந்து உடலில் தங்கியிருக்குமாதலால், தோண்டித் தின்னும் நாய்க்கும் பறவைக்கும் அது நஞ்சாகும். கிணற்றுக்கு அருகில் புதைத்தலும் ஆகாது. கொல்லைப்புறத்தில் வேம்பின் அடியில் நான்கு அடி ஆழம் என்று அளவிட்டு நானே மண்வெட்டி எடுத்தேன். இரண்டு அடிக்கு மேல் என்னால் இயலவில்லை. அடுத்த வீட்டுக் கல்லூரி மாணவன், சிறுவனாயிருந்தபோது வீரனுக்கு அஞ்சித் தெருவைச் சுற்றிக்கொண்டு போனவன், வந்து மண்வெட்டியை வாங்கி எஞ்சிய இரண்டு அடியையும் தோண்டி முடித்தான்.