விழாச் செலவும் வீட்டு நிறைவும்

குடும்பம் ஒன்றுகூடி மகிழ்வதற்கென்றே விழாக்கள் ஏற்பட்டன. ஆண்டு முழுவதும் விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, நிரை நிரையாக மரம் சீவிப் பாலெடுக்கும் தோட்டத் தொழிலாளிக்கு அம்மகிழ்ச்சியைப் பெறும் உரிமை எவரிலும் குறைந்ததன்று. ஆயினும், கைப்பொருளையெல்லாம் செலவிட்டு விழாவுக்குச் சென்று திரும்பிய பின், “இவ்வளவு செலவழித்தும் என்ன கண்டோம்?” என்னும் கேள்வி பல இல்லங்களில் எழுகிறது. கேள்வி எழுந்த வேகத்தில் ஒருவர்மேல் ஒருவர் குறைகூறுவதும், பின்னர் சில நாள் பேச்சற்றிருப்பதும் உண்டு.

விழாவே வேண்டாமென்று சொல்ல நாம் இக்கட்டுரையை எழுதவில்லை. அந்த ஏமாற்றத்தின் காரணம் யாது, அதைத் தவிர்க்கும் வழி யாது என்பவற்றைத் தைப்பூசப் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

நெகிரி செம்பிலானில் பகாவ் அருகேயுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழும் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவர், மனைவி, பாட்டி, பிள்ளைகள் மூவர் என ஆறு பேர். மகன் நோயிலிருந்து தேறியதற்காகத் தாய் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டார். அதற்காகக் குடும்பம் முழுவதும் பத்துமலைக்குப் புறப்படுகிறது. விழாவோடு ஒட்டிய மூன்று நாட்களுக்கு அவர்களுக்கு ஆகும் செலவைக் கீழ்வருமாறு கொள்வோம்.

வேன் வாடகை 450 வெள்ளி. அனைவருக்கும் புத்தாடை 600 வெள்ளி. இரண்டு இரவு தங்குவதற்கு 300 வெள்ளி. உணவு, குளிர்பானம் ஆகியவற்றுக்கு 360 வெள்ளி. விளையாட்டுப் பொருள், வளையல், நிழற்படம் எனக் கடைகளில் செலவானது 240 வெள்ளி. பால்குடம், அர்ச்சனை, முடி காணிக்கை ஆகியவற்றுக்கு 150 வெள்ளி. மொத்தம் 2,100 வெள்ளி.

2025 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் மாதத்திற்கு 1,700 வெள்ளி. எனவே, ஒருவரின் ஒரு மாத ஊதியத்திற்கு மேற்பட்ட தொகை மூன்றே நாட்களில் கரைந்துவிட்டது.

இக்கணக்கில் கருதத்தக்கது மற்றொன்றும் உண்டு. குடும்பம் புறப்பட்டதே நேர்த்திக்கடனைச் செலுத்துவதற்காக. அதற்குச் சென்றது 150 வெள்ளி; அதாவது, மொத்தச் செலவில் பதினான்கில் ஒரு பங்கு. எஞ்சிய பதின்மூன்று பங்கும் நேர்த்திக்கடனைச் சுற்றிலும் தாமாக வந்து சேர்ந்துகொண்டவை. அவற்றுள் எவை வேண்டியவை, எவை வேண்டாதவை என்று புறப்படுமுன் எவரும் கேட்கவில்லை.

ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது?

முதற் காரணம், செலவு பெருகப் பெருக எதிர்பார்ப்பும் பெருகுவது. உள்ளூர்க் கோவிலுக்கு நடந்து சென்று திரும்புகிறவர் மழை பெய்தாலும் சிரித்துக்கொண்டே வீடு வருவார். ஈராயிரம் வெள்ளி செலவிட்டவருக்கோ சிறு இடையூறும் பெருங்குறையாகத் தோன்றும். “இத்தனை வெள்ளி கொடுத்தோமே” என்ற எண்ணம் ஒவ்வொரு கணமும் உடன்வருகிறது.

இரண்டாவது காரணம் கூட்டம். பத்துமலையில் 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. இன்று அங்குத் திரளும் மக்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர் என்று கணிக்கப்படுகின்றனர். குகைக்கோவிலுக்கு ஏற 272 படிகள் உள்ளன. மூட்டுவலியுள்ள பாட்டியால் அவற்றை நெரிசலில் ஏற இயலாது. அவர் கீழேயே நின்று கும்பிட நேரிடும். ஐந்து வயதுக் குழந்தை காவடியைக் காண்பதில்லை. முன்னே நிற்பவர்களின் முதுகைத்தான் காண்கிறது. தலைநகரிலுள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும் இரதத்தைக் காண வேண்டுமென்று விரும்பியவர் வேன் வந்து சேரத் தாமதமானதால் அதனையும் தவறவிடலாம்.

மூன்றாவது காரணம், ஒவ்வொருவரின் விருப்பமும் வெவ்வேறாக இருப்பது. பாட்டிக்கு வேண்டியது அமைதியான தரிசனம். மூத்த மகளுக்கு வேண்டியது ஈராண்டாகப் பார்க்காத அத்தை மகளோடு ஒரு நாள் பேசிக்கொண்டிருப்பது. சிறுவனுக்கு இராட்டினம். வாரத்தில் ஆறு நாள் இருட்டில் எழும் தந்தைக்கு வேண்டியதோ சற்று உறக்கம். தாய்க்கு நேர்த்திக்கடன் நிறைவேற வேண்டும். ஆனால், முதல் நாள் இரவு முழுவதும் புளிச்சோறு கட்டியதும் அவர்தாம், திரும்பி வந்து ஆறு பேரின் துணியைத் துவைத்ததும் அவர்தாம். தத்தம் விருப்பத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேனும் விடுதியும் இவற்றுள் ஒன்றையேனும் நிறைவேற்றித் தரவில்லை. ஆகவே, செலவு அனைவருக்கும் பொதுவாயிற்று. நிறைவு ஒருவருக்கும் கிட்டாமற் போயிற்று.

மரமும் மாதமும்

ரப்பர் தோட்டத்தில் வாழ்வோர் மறக்கலாகாத ஒன்று, நம் விழாக்கள் வரும் காலம். தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வருகிறது. 2025ஆம் ஆண்டில் பிப்ரவரி 11, 2026ஆம் ஆண்டில் பிப்ரவரி 1. இதனை அடுத்தே ரப்பர் மரம் இலையுதிர்க்கும் காலம் தொடங்குகிறது. மரம் பழைய இலையை உதிர்த்துப் புது இலை விடும் வாரங்களில் தன் சத்தைத் தளிருக்கே செலவிடுவதால் பால் குறைந்துவிடும். அடிப்படை ஊதியம் இருப்பினும், பாலின் எடையைப் பொறுத்து வரும் மேல்வருமானம் சுருங்கும்.

தீபாவளியின் நிலையும் இதுவே. அது அக்டோபர் அல்லது நவம்பரில் வரும்; அப்பொழுது பல மாநிலங்களில் மழை மிகுதி. மரப்பட்டை நனைந்திருக்கும் காலையில் சீவ இயலாது. பிற்பகல் மழையில் மங்கிலுள்ள பால் வீணாகும்.

மேலும், 2026ஆம் ஆண்டு முதல் பள்ளியாண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. சீருடை, காலணி, புத்தகப்பை ஆகியவற்றின் செலவு முடிந்த சில வாரங்களிலேயே தைப்பூசம் வந்து நிற்கிறது. முன்னே பள்ளிச் செலவு, பின்னே பால் குறையும் காலம். இவற்றுக்கு இடையில் விழாவை வைத்துப் பார்த்தால், அம்மூன்று நாளின் சுமையை அடுத்த மூன்று மாதங்கள் ஏன் சுமக்கின்றன என்பது விளங்கும்.

கடன் வாங்க நேர்ந்தால்

கையிலுள்ளது போதாமல் 1,000 வெள்ளி தேவைப்படுகிறது என வைத்துக்கொள்வோம். அதனை எங்கே வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

தோட்ட அலுவலகத்தில் முன்பணம் கேட்கலாம். அதனைக் கொடுப்பது முதலாளியின் விருப்பம். ஆனால், கொடுக்கும் முன்பணத்துக்கு வட்டி வாங்க 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் இடந்தருவதில்லை. பொதுவாக முன்பணத் தொகை முந்திய மாத ஊதியத்துக்கு மேற்படலாகாது. ஒரு மாதத்தில் செய்யும் பிடித்தங்களும் பொதுவாக அம்மாத ஊதியத்தில் பாதியைத் தாண்டலாகாது.

அடகுக்கடையில் நகையை வைத்தால், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி மாதத்திற்கு நூற்றுக்கு 2 வெள்ளிக்கு மேல் வட்டி வாங்கலாகாது. ஆறு மாதத்திற்கு 120 வெள்ளி ஆகும். தவணைக்குள் மீட்காவிடில் நகை கைவிட்டுப் போகும். உரிமம் பெற்ற வட்டித் தொழிலாளர், ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வெள்ளி வரை வாங்கலாம். ஆறு மாதத்திற்கு 90 வெள்ளி.

உரிமமில்லாத ஆலோங்கிடம் மாதம் நூற்றுக்கு 10 வெள்ளி வட்டியில் வாங்கினால், ஆறு மாதத்தில் வட்டி மட்டும் 600 வெள்ளி. அதற்குப் பின்னும் முதல் 1,000 வெள்ளி அப்படியே நிற்கும். வீட்டு வாசலில் வந்து நின்று மிரட்டும் வேதனை வேறு. விழாவில் கிடைத்த மகிழ்ச்சியை மிரட்டலுக்கு அஞ்சிக் கழியும் இரவுகள் அழித்துவிடும். இவ்வழியை நாடவே கூடாது.

“கூட்டு” எனப்படும் சீட்டு நடத்தும் தொழிலும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. நடத்துபவர் ஓடிவிட்டால் ஆண்டு முழுவதும் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது அரிது. விழாவுக்கென்று சேமிக்க விரும்புவோர் 1974ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட பேங்க் சிம்பானான் நேஷனல் போன்ற இடங்களில் தம் பெயரிலேயே சேமிப்பது நலம்.

அடுத்த விழாவுக்கு முன்

விழாவுக்கு மூன்று மாதம் இருக்கும்போதே ஓர் ஓய்வு நாளில் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமர வேண்டும். பாட்டி முதல் கடைக்குட்டி வரை ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: “எது இல்லாவிட்டால் உனக்கு விழா நிறையாது?” ஒவ்வொருவரும் ஒன்றை மட்டும் சொல்லட்டும். அவற்றை ஒரு தாளில் எழுதி, முதலில் அவற்றுக்கே பணம் ஒதுக்க வேண்டும். எஞ்சியதைக் கொண்டே மற்றவை.

நாம் மேலே கண்ட குடும்பம் இவ்வாறு கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? நேர்த்திக்கடனைத் தைப்பூச நாளிலேயே செலுத்த வேண்டுமென்பதில்லை. நெரிசலைத் தவிர்க்கும் பொருட்டு முன்னதாகவே செலுத்துவோர் பலர் உளர். கூட்டமில்லாத ஒரு காலையில் சென்றால் பாட்டியும் நின்று நின்று படியேறலாம். ஏற இயலாவிடினும் அடிவாரத்தில் அமைதியாக வணங்கலாம். சிரம்பானிலிருந்து கம்யூட்டர் தொடர்வண்டி பத்துமலை வரை செல்கிறது. பத்துமலை நிலையம் 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மாலையில் அத்தை வீட்டுக்குச் சென்றால் மகளின் விருப்பமும் நிறைவேறும். தைப்பூசத்தன்று தோட்டத்திலேயே இருந்து அருகிலுள்ள கோவிலில் வழிபட்டால் தந்தைக்கு ஓய்வும் கிட்டும்.

இதற்காகும் செலவையும் பார்ப்போம். நேர்த்திக்கடனுக்கு 150 வெள்ளி. பேருந்து, தொடர்வண்டிக்கு 120 வெள்ளி. பிள்ளைகளுக்கு மட்டும் புத்தாடை 250 வெள்ளி. உணவுக்கு 120 வெள்ளி. சிறுவனின் இராட்டினத்துக்கும் பிள்ளைகளின் சிறு ஆசைகளுக்கும் 100 வெள்ளி. மொத்தம் 740 வெள்ளி. மாதம் 74 வெள்ளி சேர்த்தால் பத்து மாதத்தில் கடனின்றிக் கைக்கு வரும்.

வடக்கே வாழ்வோர்க்கும் இதே முறை பொருந்தும். பினாங்குத் தண்ணீர்மலைக் கோவிலுக்கு 513 படிகள் என்பதை முதியோரை அழைத்துச் செல்வோர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். ஈப்போ, சுங்கை பட்டாணி ஆகிய ஊர்களிலும் தைப்பூசம் சிறப்பாக நடைபெறுகிறது. அண்மையிலிருக்கும் கோவிலை விட்டுத் தொலைவிலிருப்பதை நாடினால்தான் பலன் மிகுதி என்று எவரும் எண்ண வேண்டியதில்லை.

விடுப்பையும் முன்னதாகவே கேட்டு வைத்தல் வேண்டும். ஈராண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 8 நாளும், ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டவருக்கு 12 நாளும், அதற்கு மேற்பட்டவருக்கு 16 நாளும் ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு உண்டு. சொல்லாமல் நின்றுவிட்டால் அந்நாட்களின் ஊதியமும் விழாச் செலவில் சேர்ந்துவிடும்.

பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள்

“பக்கத்து வீட்டார் போனார்களே” என்று பிள்ளைகள் கேட்பது இயல்பு. அவர்களை அதட்டி அடக்குவதைவிட, கையிலுள்ள தொகையைச் சொல்லிவிடுவது சிறந்தது. “நம்மிடம் இருப்பது இவ்வளவு, உனக்கு வேண்டியதை நீயே தேர்ந்தெடு” என்று சொன்னால், பத்து வயதுப் பிள்ளையும் பொறுப்போடு எண்ணத் தொடங்கும். தானே தேர்ந்தெடுத்த ஒன்று கிடைக்கும்போது அதன் மகிழ்ச்சியும் மிகுதியாகும்.

ஏற்கெனவே பெருஞ்செலவு செய்து மனம் வாடித் திரும்பியவர்களுக்கும் ஒன்று சொல்வோம். அக்குறையை ஈடுசெய்வதற்காக உடனே வேறொன்றை வாங்கிச் செலவைப் பெருக்காதீர்கள். “உன்னால்தான்” என்ற சொல்லையும் தவிருங்கள். வேனைப் பேசியவரும், சோறு கட்டியவரும், கடையில் அடம்பிடித்த பிள்ளையும் அந்நாள் இனிதாக அமைய வேண்டுமென்றே விரும்பினர். சினம் தணிந்த ஒரு மாலையில் அமர்ந்து, “எது நமக்கு நன்றாயிருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். வழியில் ஒரு மரத்தடியில் அமர்ந்து ஆறு பேரும் புளிச்சோற்றைப் பகிர்ந்துண்ட அரை மணி நேரம் என்று விடை வரக்கூடும். அவ்விடையை நினைவில் வைத்துக்கொண்டால், அடுத்த விழாவை எங்கிருந்து தொடங்குவதென்று தெரிந்துவிடும்.

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்றனர் நம் முன்னோர். அளந்து செலவிடுவது கருமித்தனமாகாது. தம் வியர்வைக்குத் தாமே தரும் மதிப்பாகும். விடியுமுன் எழுந்து ஈட்டிய ஒவ்வொரு வெள்ளியும் குடும்பத்தில் ஒருவரின் முகமலர்ச்சிக்கேனும் பயன்படுமாறு பார்த்துக்கொள்வோம். விழா முடிந்த மறுநாள் பெரட்டுக்குச் செல்லும்போது மனத்தில் நிறைவும், தலையில் கடனின்மையும் இருக்குமாறு வாழ்வோமாக.